பூட்டிக் கிடக்கும் அறையும் அரை விலையும்

பாசிக்குடா விடுதிக்காரன்: "காலியாகக் கிடக்கும் அறை ஒரு சதமும் தராது, பொருளாதார நெருக்கடியில் கிடைத்த விலைக்குக் கொடுப்பதுதான் புத்தி" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். வாசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. 2022 ஜூன் கடைசியில் டீசல் லீட்டர் 460 ரூபா. கரண்ட் வெட்டினால் ஜெனரேட்டர் போட வேண்டும். ஆள் தங்கினால்தானே அந்தச் செலவு?

உல்லைக் கபானா: எழுதினது நான்தான் அண்ணன், நேரே என்னைக் கேட்கலாம். அறையைப் பூட்டி வைத்தாலும் சம்பளமும் வங்கி வட்டியும் போகும். விரிப்புத் துவைக்கிற செலவு, காலைச் சாப்பாடு, டீசல் எல்லாம் கழித்து ஆயிரம் மிஞ்சினாலும் லாபம்தானே.

பாசிக்குடா விடுதிக்காரன்: மிஞ்சினால்! டீசல் 460 என்று சொல்கிறேன், காதில் விழவில்லையா?

உல்லைக் கபானா: எங்களுக்கும் அதே டீசல்தான். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360. 30 டொலர் அறையை 20க்கு இறக்கினாலும் 6000 வந்த இடத்தில் 7200 வந்தது. கணக்குத் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள்.

பாசிக்குடா விடுதிக்காரன்: உங்கள் அறுகம்குடாவில் அலை இருக்கிறது காக்கா, சர்ஃபிங்காரன் டொலரோடு வருவான். எங்களுக்கு வருவது கொழும்பு, கண்டிக் குடும்பங்கள். எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் பெற்றோல். கொழும்பிலிருந்து எங்கள் பக்கத்து வாழைச்சேனைக்கு வந்து திரும்ப 500 கிலோமீற்றருக்கு மேல். அறையைச் சும்மா கொடுத்தாலும் அவன் எதில் வருவான்? ஆள் கூடவில்லை, விலை மட்டும் இறங்கினது. மறுகா ஏற்றப் போனால், "போன முறை பாதிக்குத்தானே தந்தீர்கள்" என்று சண்டை.

கல்லடிப் பொடியன்: 2019 ஈஸ்டரில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு வெளிநாட்டுக்காரர் வராமல் போனார்கள். அப்போது தள்ளுபடி என்று உள்ளூர்க்காரரான எங்களைக் கூப்பிட்டீர்கள், வந்தோம். சனம் வரத் தொடங்கினதும் எங்களுக்கு அறை இல்லை. காலைச் சாப்பாடு சேர்த்து என்று போட்டுவிட்டு இரண்டு துண்டுப் பாணும் சம்பலும் வைத்த ஆட்களையும் தெரியும்.

பாசிக்குடா விடுதிக்காரன்: தம்பி, பாண் கதையை வேறு இடத்தில் வைத்துக்கொள். இங்கே டீசல் கதை.

உல்லைக் கபானா: தம்பி சொன்னது சுட்டுவிட்டது போல.

பாசிக்குடா விடுதிக்காரன்: சுட்டது வேறு. எல்லோரும் ஒரே விலையில் நிற்போம் என்று விடுதிக்காரர் கூட்டத்தில் கைதூக்கிய ஒருவர் அன்றிரவே இணையத்தில் விலையை இறக்கினாரே, அதுதான் சுட்டது. 2023இல் கொழும்பு ஹோட்டல்களுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். நமக்குள் ஒரு பேச்சுக்கூட நிற்கவில்லை.

உல்லைக் கபானா: அது நான் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நான் வரவே இல்லை.

பாசிக்குடா விடுதிக்காரன்: வரவில்லையா? பின்வரிசையில் இருந்து தேத்தண்ணி குடித்தது யார்?

கல்லடிப் பொடியன்: அறை விலையை யாராவது சொல்லுங்கள், வருகிற போயா லீவுக்கு ஐந்து பேர் வருகிறோம்.

பாசிக்குடா விடுதிக்காரன்: அவர் முதலில் டீசலுக்குப் பதில் சொல்லட்டும்.