டிம், டெய்சி இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி லண்டனில் வாடகைக்குக் குடிபுகும் பிரிட்டிஷ் டிவி நகைச்சுவைத் தொடர் 'ஸ்பேஸ்டு'. அதன் பாத்திரங்களில் யாரைப் போன்றவரை நீங்கள் நேரில் சந்தித்திருக்கிறீர்கள்?

வடக்குலண்டன்வாசி:
டெய்சி மாதிரி ஒருவரோடு ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். வடக்கு லண்டனில் ஆர்ச்வேயில், ஒரு கடைக்கு மேல்மாடி. எழுத்தாளராகப் போகிறேன் என்றுதான் குடிவந்தார். எழுத உட்கார்ந்தால் எழுந்துபோய் அடுப்பைத் தேய்ப்பார். ஒருநாள் தன் நோட்டை என்னிடம் நீட்டினார். ஒரே முதல் வாக்கியம், பதினேழு விதமாக. "எது நன்றாக இருக்கிறது?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நோட்டை மூடி எடுத்துப் போனவர் அதன் பிறகு எதையும் காட்டவில்லை. 1999 சீசனின் இரண்டாம் எபிசோடில், எழுதுவதைத் தள்ளிப்போட டெய்சி வீட்டில் விருந்தே வைப்பாளே, அந்தப் பகுதியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

மூன்றாம்மாடி:
எனக்கு மார்ஷா, தொடரில் வரும் வீட்டுக்காரம்மா. டிம்மும் டெய்சியும் சொன்ன அதே பொய்யை நாங்களும் சொன்னோம். வேலைபார்க்கும் தம்பதிக்கு மட்டும் என்று விளம்பரம். நானும் கல்லூரித் தோழரும் கணவன் மனைவி என்று சொல்லிக் குடிபுகுந்தோம். ஒரு டிசம்பர் மாலையில் வீட்டுக்காரம்மா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் வெள்ளி நிறத்தில் ஒரு புகைப்படச் சட்டம். "உங்கள் கல்யாணப் படத்தை இதில் வையுங்கள்" என்றார். விலைச்சீட்டைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது. காலி செய்யும் வரை அந்தச் சட்டம் வெறுமையாகவே அலமாரிக்குள் கிடந்தது. 2001 சீசனில் உண்மை தெரிந்து மார்ஷா வீட்டை விற்கக் கிளம்பும்போது எல்லோரும் டிம், டெய்சி பக்கம் நிற்கிறார்கள். நான் மார்ஷா பக்கம்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
எங்கள் கீழ்வீட்டில், தொடரில் வரும் ஓவியர் பிரையன் மாதிரி ஒருவர். எங்கள் குளியலறைக் குழாய் உடைந்த இரவில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். முழங்கை வரை நீலச் சாயத்தோடு திறந்தார். கூரையிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. "நீலம் இன்னும் காயவில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கணக்குப்பிள்ளை:
முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. டெய்சியை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? டிம்மும் காமிக்ஸ் கடையில் நின்றுகொண்டு, தான் வரைந்ததைப் பதிப்பாளரிடம் கொண்டுபோகத் தயங்குகிறவன்தானே. என்னோடு இருந்தவர் டிம். வாடகை நாளன்று வீடியோ கேமிலிருந்து முகம் திருப்பாமல் "அடுத்த வாரம்" என்பார். அவர் பங்கையும் நானே கட்டினேன்.
புதிதாகக் குடியேறுகிறவர்கள் கவனியுங்கள். இங்கிலாந்தில் இருவர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் கட்டாத வாடகைக்கு மற்றவரும் பொறுப்பு. முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும். அதன் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2019 ஜூன் முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவென்றால் முன்பணம் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

வடக்குலண்டன்வாசி:
டெய்சியை நான் குறை சொல்லவில்லை ஐயா. சிரித்தது நான். மூன்றாம்மாடி, அந்தப் புகைப்படச் சட்டம் இப்போது எங்கே?

மூன்றாம்மாடி:
என்னிடம்தான் இருக்கிறது. பசை கறுத்துவிட்டது.