கோஹாவில் சிஸ்டம் பிரிஃபரன்ஸை மாற்றியது யார், எப்போது என்று கண்டறிவது எப்படி?

கேட்பவர் (கல்லூரி நூலகர்):
அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை நூலகத்தைத் திறந்தபோது, புதன்கிழமையே திருப்பித் தந்திருக்க வேண்டிய நூல் ஒன்றை ஒரு மாணவி கொண்டுவந்தார். வியாழன் முதல் ஞாயிறு வரை விடுமுறை என்று எங்கள் நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவின் நாட்காட்டியில் முறையாகக் குறித்திருக்கிறோம். ஆகவே, நாளொன்றுக்கு ஒரு ரூபாய் என்ற எங்கள் விதிப்படி அவர் கட்ட வேண்டியது 1 ரூபாய்தான். திரையிலோ 5 ரூபாய் என்று வந்தது. தேடிப் பார்த்தபோது, விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு அபராதம் கணக்கிடும்படி வைத்திருந்த ‘ஃபைன்ஸ்கேலண்டர்’ என்ற சிஸ்டம் பிரிஃபரன்ஸ் (மென்பொருள் முழுவதற்குமான அமைப்பு), நாட்காட்டியையே பாராமல் கணக்கிடும் நிலைக்கு மாறியிருந்தது தெரிந்தது. அதை உடனே திருத்திவிட்டேன். எந்தத் தேதியிலிருந்து மாணவர்களிடம் கூடுதலாக வாங்கியிருக்கிறோம் என்று தெரிந்தால்தான் பணத்தைத் திருப்பித் தர முடியும். அதை அறிய வழி உண்டா?

மறுமொழி 1:
வணக்கம் அம்மா. ‘டூல்ஸ்’ பகுதியில், யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவுகளைக் காட்டும் லாக் வியூவரைத் திறந்து, மாட்யூல் பட்டியலில் சிஸ்டம் பிரிஃபரன்ஸை மட்டும் தேர்ந்தெடுத்து, தேதி வரம்பு கொடுத்துத் தேடுங்கள். நூல் வழங்கல், பட்டியலாக்கம் போன்றவற்றின் பதிவுகளை நாமே இயக்கவோ நிறுத்தவோ முடியும்; சிஸ்டம் பிரிஃபரன்ஸ் மாற்றங்களோ நாம் கேட்காமலே பதிவாகின்றன. ஒவ்வொரு வரியிலும் நேரம், மாற்றிய கணக்கு, பிரிஃபரன்ஸின் பெயர், ஒரு செங்குத்துக் கோடு, அதையடுத்துப் புதிய மதிப்பு ஆகியவை இருக்கும். நான் பயன்படுத்தும் பதிப்பில் பழைய மதிப்பு பதிவாவதில்லை. இது பெரிய குறை. தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். தரவுத்தளத்தைத் துப்புரவு செய்ய, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் பணியில் லாக் பதிவுகளை நீக்கும்படி சொல்லி, நாட்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால், 180 நாட்களுக்கு முந்தைய பதிவுகள் அழிந்துவிடும்.

கேட்பவர்:
மிக்க நன்றி. டிசம்பர் 22 காலை 11.40க்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் அது நாங்கள் நால்வரும் பயன்படுத்தும், எல்லா உரிமைகளும் கொண்ட பொதுவான சூப்பர் லைப்ரேரியன் கணக்கு. அதற்கு இரண்டு நிமிடம் முன்பு, அதே கணக்கிலிருந்து, திருப்பித் தரும் நாளைக் கணக்கிடும் முறையைக் குறிக்கும் ‘யூஸ்டேஸ்மோட்’ என்பதும் ‘டேட்டட்யூ’ என்று மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

மறுமொழி 2:
நிச்சயம் இருக்கும். நூலைத் திருப்பித் தர வேண்டிய நாள் விடுமுறையில் விழுந்தால், அதை அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிவைப்பதுதான் ‘டேட்டட்யூ’. நூல் வழங்கல் தொடர்பான அதே பக்கத்தில்தான் ஃபைன்ஸ்கேலண்டரும் இருக்கிறது. அதன் வாசகமும் விடுமுறை நாட்களைப் பற்றியதே. ஆகவே யாரோ ஒருவர் மாணவர்களுக்கு நல்லது செய்யப் போய், இதையும் சேர்த்து மாற்றிவிட்டார் என்றே தோன்றுகிறது. அபராதத்தை மாற்றியது யார் என்று கேட்காமல், திருப்பித் தரும் நாளைச் சரிசெய்தது யார் என்று கேளுங்கள், அச்சமின்றிச் சொல்வார்கள்.

லாக்கை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் வழியாக நேரடியாகச் செய்யும் மாற்றம் அதில் வராது. எங்கள் பதிப்பில் நூல் வழங்கல் விதிகளில் செய்யும் மாற்றங்களும் வருவதில்லை. வழக்கமான தானியங்கி பேக்கப்பும் இயல்பாக இரண்டு நாட்களுக்கானதையே வைத்திருப்பதால், பழையதோடு ஒப்பிட அது உதவாது. எனவே நான், எல்லா சிஸ்டம் பிரிஃபரன்ஸ்களின் பெயரையும் மதிப்பையும் பெயர் வரிசையில் தரும் எஸ்க்யூஎல் அறிக்கை ஒன்றைக் கோஹாவிலேயே சேமித்து வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் நாளில் அதை ஓட்டி, கோப்பாக இறக்கி, முந்தைய மாதக் கோப்போடு, வேறுபடும் வரிகளைக் காட்டும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுகிறேன். பெயர் வரிசை முக்கியம். வரிசை குலைந்தால் மாறாத வரிகளும் மாறியவைபோல வந்து நிற்கும். நூல் வழங்கல் விதிகளுக்கும் இப்படியே ஓர் அறிக்கை உண்டு.

கேட்பவர்:
நீங்கள் சொன்னபடியே கேட்டேன். பணியாளர் ஒருவர் உடனே நினைவுகூர்ந்தார். திருப்பித் தரும் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுவதாக மாணவர்கள் முறையிட்டதால் மாற்றினாராம். டிசம்பர் 22க்குப் பிறகு விதிக்கப்பட்ட அபராதங்களைத் தனியே எடுத்திருக்கிறோம். இடையில் விடுமுறை வந்தவற்றைக் கணக்கிட்டு, கட்டாதவர்களுக்குக் கூடுதல் தொகையைத் தள்ளுபடி செய்கிறோம். கட்டியவர்களுக்கு நாளை முதல் திருப்பித் தருகிறோம். நால்வருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து, சிஸ்டம் பிரிஃபரன்ஸை மாற்றும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். பொதுக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று.