புதுப்பிப்பு: ரெவிட் ஜன்னலில் அகலத்தை மாற்றினாலும் சட்டம் நகராத சிக்கல் தீர்ந்தது

ஏற்காட்டு வீடொன்றுக்காக, ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் நான் வரைந்த ஜன்னல் ஃபேமிலியில் (அளவுகளை மாற்றிப் பயன்படுத்தக்கூடிய மாதிரியில்), அகலத்தை 900 மி.மீ.-இலிருந்து 1200 ஆக்கினால் சுவர்த் திறப்பு மட்டும் விரிகிறது, மரச்சட்டம் பழைய இடத்திலேயே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

சட்டத்தின் விளிம்புகளை ரெஃபரன்ஸ் பிளேன்களோடு (வடிவத்தை வழிநடத்தும் துணைத் தளங்களோடு) அலைன் செய்து, அதாவது ஒரே கோட்டில் பொருத்தி, பூட்டச் சொன்ன யோசனையே பலித்தது. கோடுகளைத் திறப்பின் மீது பொருந்துமாறு வரைந்திருந்தேனே தவிர, எதையும் பூட்டவில்லை. நடுச்சட்டம் மையத்திலேயே நிற்க, இருபுற அளவுகளுக்கும் ஈக்யூ (இரண்டையும் எப்போதும் சமமாக வைக்கும் கட்டுப்பாடு) கொடுத்தேன்.

எதிர்பாராத சிக்கல் ஜன்னல் கம்பிகளில் வந்தது. கம்பிகளின் எண்ணிக்கைக்கு ‘அகலம் / 100’ என்று சூத்திரம் எழுதியபோது அலகுகள் பொருந்தவில்லை என்ற பிழை தோன்றியது. நீளத்தை வெறும் எண்ணால் வகுத்தால் விடையும் நீளமாகவே இருக்கும் என்பதால், 100-உடன் மி.மீ. அலகையும் சேர்த்தேன், 1200-க்கு எண்ணிக்கை 12 என்று சரியாக வந்தது.