வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? அவசரம்

நாகலூர்_காப்பி:
வணக்கம்ங்க, காலைல இருந்து சிஸ்டம்ல வைரஸ் வந்துருச்சு உடனே ரினியூ பண்ணுன்னு செவப்பா வந்துட்டே இருக்கு, மூடுனா திரும்ப வருது, சேலத்துல கடைல கேட்டா சிபியூவ எடுத்துட்டு வாங்க ஃபார்மட் பண்ணி ஆன்டிவைரஸ் போட்டுத் தரேங்கறாங்க, ஏற்காட்டுல இருந்து அதத் தூக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கணும். எது வாங்கினா இது போகும்? அப்பா இதுலதான் பேங்க் வேலை பாக்கறாரு.

அஸ்தம்பட்டிக்காரன்:
விண்டோஸ் எத்தன? இப்ப ஏதாச்சும் ஆன்டிவைரஸ் இருக்கா?

செவ்வாப்பேட்டை_செல்வம்:
ராம் எவ்ளோங்க? 4 ஜிபின்னா கனமானது எதையும் ஏத்தாதீங்க, திறக்கவே பத்து நிமிஷம் ஆகும். என்னக் கேட்டா ஃபார்மட்தான் நல்லது.

ஸ்வர்ணபுரி_சீனியர்:
தம்பி, இதே கேள்விக்கு இங்க எத்தனையோ தடவ பதில் எழுதியாச்சு, தேடிப் பாத்துட்டுக் கேட்டிருக்கலாம். விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் டிஃபெண்டர்னு ஒரு ஆன்டிவைரஸ் கூடவே வருது, காசு கெடையாது. வேற ஆன்டிவைரஸ் போட்டா அது தானா ஒதுங்கிக்கும், அத எடுத்துட்டா திரும்ப வந்துரும். இது கூடத் தெரியாம கடைக்குப் போனா ஃபார்மட்னுதான் சொல்வாங்க.

அம்மாபேட்டை_தறி:
சும்மா கெடைக்கறத நம்பி பேங்க் வேலை பாக்கறதாண்ணா? கே7 போடுங்க, நம்ம சென்னை கம்பெனி.

செவ்வாப்பேட்டை_செல்வம்:
குயிக் ஹீலும் புனேதான், அதுவும் இந்தியாதான். ஊர் பாத்தா வாங்கறது? காஸ்பர்ஸ்கி வைரஸ நல்லா புடிக்கும்.

அம்மாபேட்டை_தறி:
அத அமெரிக்காவுல 2024ல விக்கவே கூடாதுன்னு தடை போட்டாங்க.

செவ்வாப்பேட்டை_செல்வம்:
அது ரஷ்யா கம்பெனிங்கறதால போட்டது, புடிக்கறதுல கொறைன்னு யாரும் சொல்லல.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரெண்டு பேரும் அத வுடுங்க. நாகலூர், அந்தச் செவப்புப் பொட்டி வலது பக்கம் கீழ் மூலைல வருதா? அதுல சின்ன எழுத்துல குரோம்னும் ஏதோ சைட் பேரும் இருக்கா? இருந்தா அது வைரஸா இருக்க வாய்ப்பு கம்மி, ஏதோ சைட் அனுப்பற நோட்டிஃபிகேஷன். படம் டவுன்லோட் பண்ற சைட்ல நீங்க ரோபோ இல்லன்னா அலோவ அமுத்துங்கன்னு கேக்கும், வீட்டுல யாரோ அமுத்தியிருப்பாங்க. அதுல வர்ற பட்டன தொடாதீங்க, நம்பர் இருந்தா கூப்டாதீங்க, எங்கயோ இருந்து நம்ம சிஸ்டத்த இயக்கற எனிடெஸ்க்க போடச் சொல்லி அக்கவுண்ட்ட காலி பண்ணுவாங்க. குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அலோ லிஸ்ட்ல தெரியாத சைட் எல்லாத்தையும் எடுங்க. அப்பறம் டிஃபெண்டர்ல ஃபுல் ஸ்கேன் ஒண்ணு ஓட்டுங்க. அப்பா அதுல கார்டு நம்பர் எதுவும் போட்டிருந்தா உடனே பேங்குக்கும், சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கும் கூப்டுங்க.

ஸ்வர்ணபுரி_சீனியர்:
இவர் சொல்றது சரி. விண்டோஸ் 10ஆ இருந்தா 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதுக்கு ஒரு வழி பண்ணாம எந்த ஆன்டிவைரஸ் வாங்கியும் பிரயோஜனம் இல்ல. அப்டேட் பக்கத்துல இஎஸ்யூன்னு இருக்கும், சப்போர்ட் முடிஞ்ச பின்னாடியும் பாதுகாப்பு அப்டேட் தர்ற திட்டம், அதுல சேந்துக்கோங்க.

நாகலூர்_காப்பி:
ஆமாங்க குரோம்னுதான் இருந்துச்சு, லிஸ்ட்ல ஏகப்பட்ட சைட், எல்லாம் எடுத்துட்டேன், இப்ப வரல. விண்டோஸ் 10தான். கார்டு எதுவும் போடலயாம். நன்றிங்கண்ணா.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஸ்கேன் ஓட்டுனீங்களா? இஎஸ்யூ?

அம்மாபேட்டை_தறி:
எதுக்கும் கே7 ஒண்ணு போட்டு வைங்க.