கலைச்சொல் வேண்டும்: இரண்டு அகலத் தண்டவாளங்கள் சந்திக்கும் இடம்

நெய்தல் எழுதியது:

வணக்கம். நமீபியாவின் ஒட்டாவி சுரங்க ரயில்பாதை வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது: பிரேக் ஆஃப் கேஜ்.

ஜெர்மானியர் ஆண்ட தென்மேற்கு ஆப்பிரிக்காவில் சுவாகோப்முண்ட் கடற்கரையிலிருந்து சுமெப் செம்புச் சுரங்கம் வரை 567 கி.மீ. பாதை. அகலம் 600 மி.மீ. 1906இல் முடிந்தது. 1915இல் தென்னாப்பிரிக்கப் படை நுழைந்தபோது, கடற்கரையிலிருந்து உசாகோஸ் வரை தங்களுடைய 1067 மி.மீ. அகலத்தில் பாதை போட்டது. உசாகோஸுக்கு அப்பால் 1960 வரை 600 மி.மீ.தான். ஆக 45 ஆண்டுகள், சுமெப்பிலிருந்து கடலுக்குப் போன சரக்கெல்லாம் உசாகோஸில் இறங்கி ஏறியது. இந்த உசாகோஸை என்னவென்று சொல்வது? வரைவில் 'அகல முறிவு' என்று போட்டிருக்கிறேன். எனக்கே ஒப்பவில்லை.

கீமேன் எழுதியது:

முறிவு வேண்டாம் அம்மா. பாதைப் பராமரிப்பில் இருப்பவனுக்குத் தண்டவாள முறிவு என்றால் ஓடிப்போய்ச் சிவப்புக் கொடி காட்ட வேண்டிய சங்கதி. 'அகல முறிவு' என்று படித்தால், வளைவில் தண்டவாளம் அகன்று சக்கரம் உள்ளே விழுந்துவிட்டது என்றுதான் நினைப்பான்.

அதற்கு முன்னால் கேஜ் என்பதையே சரிசெய்ய வேண்டும். அது பாதையின் அகலமே அல்ல. இரண்டு தண்டவாளத் தலைகளின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். நாம் 'அகலப்பாதை', 'மீட்டர் பாதை' என்று பாதையின் தலையில் அதை ஏற்றிவிட்டோம். செய்தித்தாள்களில் 'குறுகிய பாதை' என்றால் பெரும்பாலும் மீட்டர் கேஜ். ஒட்டாவிக்கும் அதையே எழுதினால் வாசகர் மனத்தில் 1000 மி.மீ. பாதை ஓடும். உள்ளதோ 600. ஆகவே எண்ணைச் சேர்க்காமல் எங்கும் எழுதாதீர்கள்.

ஐகாரம் எழுதியது:

கேஜுக்கு 'இடையகலம்' போதும். இடை + அகலம். ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய். 'இடைவகலம்' என்று ஒரு பாடநூலில் கண்டேன், தலையில் அடித்துக்கொண்டேன்.

பிரேக் ஆஃப் கேஜுக்குத் தமிழில் ஆயத்தமாகச் சொல் இருக்கிறது: துறை. ஓர் ஊர்தியிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு மாறும் இடம்தானே? பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகம்: 'நீரினின்றும் நிலத்து ஏற்றவும் நிலத்தினின்று நீர்ப் பரப்பவும்'. உசாகோஸில் நடந்ததும் இதுவே, நீர்தான் இல்லை. 'சரக்கு மாற்றுத்துறை' என்க.

தண்டவாளம் என்ற சொல்லும் தண்டு + பாளம் என்பதன் திரிபாக இருக்கலாம் என்பது என் ஊகம். பாளம் பாளமாக வார்த்த இரும்பு. பகரம் வகரமாவது நம் மொழியில் புதிதல்ல...

கீமேன் எழுதியது:

ஐயா, வண்டவாளம் தண்டவாளம் ஏறுவதை அடுத்த வாரம் பார்ப்போம். 'சரக்கு மாற்றுத்துறை' என்று அச்சிட்டால் தலைமைச் செயலகத்தில் எந்த மாடி என்று கேட்பார்கள்.

கடுகதி எழுதியது:

கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு. களனிவெளிப் புகையிரதப் பாதை 762 மி.மீ. ஆக இருந்த காலத்தில், கொழும்பில் 1676 மி.மீ. பிரதான பாதையோடு வந்து சேரும். ஆக இது எங்களுக்கும் பழகிய சங்கதிதான். அங்கே நடப்பது ஏற்றி இறக்கல். ஆகவே 'மாற்றேற்று நிலையம்' என்று செயலை வைத்துப் பெயரிடலாமே?

கீமேன் எழுதியது:

மாற்றேற்று நல்ல சொல். ஆனால் கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாற்றுவதும் மாற்றேற்றுதான். அங்கே தண்டவாளமே கிடையாது. மறுபக்கம், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி மலை ரயிலின் மீட்டர் கேஜ் அகலப்பாதையைச் சந்திக்கிறது. அங்கே யாரும் மூட்டை மாற்றுவதில்லை, பயணி இறங்கி எதிர் வண்டிக்கு நடக்கிறார். அதுவும் பிரேக் ஆஃப் கேஜ்தான். சொல் இடத்தின் தன்மையைச் சொல்ல வேண்டும், வேலையை அல்ல.

'பாதை மாறுமிடம்' என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது பாயிண்ட்ஸ். ஒரே அகலத்தில் வண்டி ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது.

மொழிபெயர்ப்பில் இன்னொன்றும் தெளிவாக வர வேண்டும். தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கக் கூடாதா என்று வாசகர் கேட்பார். முடியாது. ஒட்டாவியில் கறையானுக்குப் பயந்து, தண்டவாளத்தைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் சிலீப்பரை எஃகில் போட்டார்கள். மரக்கட்டையில் வேண்டிய இடத்தில் புதுத் துளை போட்டு ஆணி அடிக்கலாம். எஃகில் தண்டவாளம் உட்காரும் இடம் ஆலையிலேயே முடிவாகிவிடும். போதாததற்கு 600 மி.மீ.க்குச் செய்த சிலீப்பர் 1067க்கு நீளம் பற்றாது. தண்டவாளமும் மெலிது, பெரிய எஞ்சினின் அச்சுப் பாரம் தாங்காது. வளைவுகளும் பாலங்களும் அதே கதை. ஆகவே அகலம் மாற்றுவது என்றால் பக்கத்தில் புதுப் பாதையே போடுவதுதான்.

மூன்றாவது தண்டவாளம் பதித்து, இரண்டு அகல வண்டிகளும் ஓடும் கலப்புப்பாதை ஆக்க, கணக்குப்படி இடம் உண்டு: 1067க்கும் 600க்கும் வித்தியாசம் 467 மி.மீ. மீட்டர் கேஜும் 1067உம் என்றால் வித்தியாசம் வெறும் 67. தண்டவாளத்தின் அடிப்பாகமே அதைவிட அகலம். நாலு தண்டவாளம் வேண்டும்.

மாற்றேற்றின் செலவு கூலி மட்டுமல்ல. தாது கனம். சிறு வண்டி பார்வைக்குப் பாதி காலியாக இருக்கும்போதே எடை வரம்பைத் தொட்டுவிடும். ஒரு பெரிய வண்டி நிறையப் பல சிறு வண்டிகள் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு முறை எடை போட வேண்டும், இரண்டு எடையும் ஒத்துப்போகாது. சிந்துவது ஒரு பங்கு, காற்றில் போவது ஒரு பங்கு. ஒரு பக்க வண்டி தாமதமானால் மறுபக்கம் முழுக்கக் காத்துக் கிடக்கும்.

நெய்தல் எழுதியது:

மிக்க நன்றி ஐயா, அடிக்குறிப்பே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒரு சிக்கலைச் சொல்ல மறந்தேன். உசாகோஸ் முதலாவது அல்ல. 1897இல் வெக்கை நோய் வந்து மாடுகள் செத்து மாட்டுவண்டிப் போக்குவரத்து நின்றதும், அரசு அவசரமாக ராணுவக் களப்பாதைத் தளவாடங்களை வைத்து சுவாகோப்முண்டிலிருந்து விண்ட்ஹூக்குக்கு 600 மி.மீ. பாதை போட்டது. 1902இல் முடிந்தது. சுரங்கக் கம்பெனி பிறகு அதே அகலத்தைப் பின்பற்றியது. அரசுப் பாதையில் கரிபிப் - விண்ட்ஹூக் பகுதியை 1911இல் ஜெர்மானியரே 1067 ஆக்கினார்கள். அப்போது அகலம் மாறியது கரிபிப்பில். போருக்குப் பின் உசாகோஸில். அதாவது இந்த இடம் நகர்கிறது! துறை நகருமா, ஐகாரம் ஐயா?

இன்னொரு சொல்லும் தொந்தரவு. பாதை போடும்போதே, 1904 ஜனவரியில், ஹெரேரோ மக்கள் எழுந்தார்கள், வேலை தடைப்பட்டது. அடக்கிய பிறகு, சிறைபிடித்த ஹெரேரோக்களைப் பெண்கள், பிள்ளைகள் உட்பட இந்தப் பாதை வேலைக்கே அனுப்பினார்கள். என் வரைவில் 'தொழிலாளர்' என்று இருக்கிறது. பொய் எழுதுவது போலிருக்கிறது.

ஐகாரம் எழுதியது:

ஆறு திசை மாறினால் துறையும் நகரும் அம்மா. காவிரிக்கரைக்காரரைக் கேளுங்கள்.

இரண்டாவதற்கு: சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். 'வெட்டிவேலை' அதன் எச்சமே.

கடுகதி எழுதியது:

ஐயா, இன்றைக்கு 'வெட்டிவேலை' என்றால் பயனில்லாத வேலை. அந்த மக்கள் செத்துப் போட்ட பாதையைப் பற்றி அப்படி எழுத முடியாது. 'கட்டாய உழைப்பு' என்றே எழுதுங்கள். 'சிறைபிடிக்கப்பட்டோர்' என்பதை விடாதீர்கள். இதில் புதுச் சொல் தேட வேண்டியதில்லை.

கீமேன் எழுதியது:

கட்டாய உழைப்புக்கு என் ஆமோதிப்பும்.

முதல் சொல்லுக்கு: 'அகலமாறு நிலையம்'. அகலம் மாற்றுவதை 'அகலமாற்றம்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். 1960இல் நடந்தது அகலமாற்றம். அதுவரை உசாகோஸ் அகலமாறு நிலையம். குழப்பமில்லை.

ஐகாரம் எழுதியது:

'மாறு' வினைத்தொகையாக நிற்கிறது என்பது உமக்கும் எனக்கும் தெரியும். படிப்பவருக்கு விளக்குமாறு நினைவுக்கு வரும். அகலமான துடைப்பம்!

கடுகதி எழுதியது:

'அகலம் மாறும் நிலையம்' என்று பிரித்து எழுதினால் துடைப்பம் போய்விடும். கலைச்சொல் ஆகாது, ஆனால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அங்கே நடக்கும் வேலைக்கு மட்டும் 'மாற்றேற்று'.

கீமேன் எழுதியது:

சரி. சோர்ந்துவிட்டேன். அதுவே இருக்கட்டும்.

நெய்தல் எழுதியது:

நூல் முழுக்க 'அகலம் மாறும் நிலையம்', 'மாற்றேற்று', 'அகலமாற்றம்', 'இடையகலம்' என்று திருத்திவிட்டேன். வரைபடத்தில் மட்டும் உசாகோஸ் புள்ளிக்குப் பக்கத்தில் இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. அங்கே '1067 | 600' என்று எண்களை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஐகாரம் எழுதியது:

'துறை' என்றால் இரண்டே எழுத்து. வரைபடத்தில் இடம் இருந்திருக்கும்.