புதுப்பிப்பு: 1967 எம்ஜிபிக்கு டயர் போட்டாச்சு, ஸ்டெப்னியும் சேர்த்து

ஸ்போக் வீல் எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு (பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) 165/80 ஆர் 14 டயர் போடுவதா, 185/70 ஆர் 14 போடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். முதல் எண் மி.மீ.-ல் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது, 14 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 165/80 தான் போட்டேன். கணக்குப் போட்டால் இரண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான்: 620 மி.மீ., 615 மி.மீ. ஆனால் 185 அகலம் 20 மி.மீ. கூடுதல். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, நிறுத்தும்போது கை வலிக்கும். பின் மட்கார்டில் உரசும் என்ற பயமும் இருந்தது. இப்போது ஸ்டீயரிங் லேசாக, இதமாக இருக்கிறது.

ஸ்போக் முனைகள் ரிம்முக்குள் வருவதால் ட்யூப் கட்டாயம். மாட்டும் முன் டயருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை அப்படியே விட்டால் ட்யூபைத் தேய்த்தே ஓட்டை போட்டுவிடும். உரித்து, பசையையும் துடைத்த பிறகுதான் மாட்டச் சொன்னேன்.

அப்புறம் ஸ்டெப்னி. பழையதில் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) புதுசு மாதிரி இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் தேதி 2308. அதாவது 2008-ன் 23வது வாரம். வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள். யோசிக்காமல் ஐந்தாவது டயரும் வாங்கிவிட்டேன். டிக்கியில் படுக்கவைத்து இறுக்கியாச்சு, பக்கத்தில் செம்புச் சுத்தியல். வீலைப் பிடித்திருக்கும் காது வைத்த நட்டுகளை அந்தச் சுத்தியலால் தட்டித்தான் இறுக்க வேண்டும்; கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி தட்டிப் பார்த்தேன். ஒன்று லேசாக நகர்ந்தது.