போனுக்கு எந்தக் கண்ட்ரோலர் வாங்கலாம்? இருப்பது கேமில் வேலை செய்யவில்லை, அவசரம்

மழைத்துளி22
நண்பர்களே, போனில் விளையாட நல்ல கண்ட்ரோலர் ஒன்று சொல்லுங்கள். இப்போது இருப்பது தெரிந்தவர் கொடுத்தது. போனை நடுவில் செருகி இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற மாதிரி. ஹோம் ஸ்கிரீனில் ஐகான் விட்டு ஐகான் நன்றாக நகர்கிறது. கேமுக்குள் போனால் ஒரு பட்டனும் எடுக்கவில்லை. பழுதாகிவிட்டது என்று நினைக்கிறேன். இன்றைக்கே புதிதாக ஆர்டர் போட வேண்டும். எது வாங்கினால் எல்லா கேமிலும் ஓடும்?

இரவுப்பறவை
எந்த போன், எந்த கேம்? இந்த இரண்டையும் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

தேன்சிட்டு
ஆண்ட்ராய்டா ஐபோனா என்றும் சொல்லுங்கள். இப்போது இருப்பது டைப்-சியில் நேராகச் செருகுவதா, இல்லை புளூடூத்தில் சேர்வதா? கேமுக்குள் எந்த இடத்தில் அழுத்திப் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும்.

ராஜாளி
போன் எதுவாக இருந்தாலும் சரி, புளூடூத் பக்கம் போகாதீர்கள். டைப்-சியில் செருகுகிற கண்ட்ரோலர்தான் என் ஓட்டு. நொடிக்கு 60 ஃபிரேமில் (படத்தில்) ஓடுகிற கேமில் ஒரு ஃபிரேமுக்கு 16 மில்லி செகண்டுதான் இருக்கிறது. புளூடூத்தில் வரும் தாமதம் சில சமயம் அதைத் தாண்டிவிடும். காதில் புளூடூத் இயர்போனும் இருந்தால் இரண்டும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்ளும். சுடுகிற கேமில் பட்டன் அழுத்தியதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன இழுவை கைக்குத் தெரியும். செருகுகிற கண்ட்ரோலரில் அது இல்லை, தனியாகச் சார்ஜ் போடவும் வேண்டாம்.

மின்னல்கொடி
தாமதத்தை விட, கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக் முக்கியம். ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண ஸ்டிக்கின் அடியில் கார்பன் தடம் ஒன்று இருக்கும், அதன் மேல் ஒரு முள் உரசிக்கொண்டே ஓடும். உரச உரசத் தடம் தேயும். அப்புறம் விரலை எடுத்தாலும் ஆள் தானாக நடப்பார், கேமரா தானாகத் திரும்பும். ஹால் எஃபெக்டில் காந்தமும் சென்சாரும்தான், ஒன்றையொன்று தொடுவதில்லை, அதனால் அந்தத் தேய்மானம் கிடையாது. டிஎம்ஆர் என்று இப்போது வருவதும் காந்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. கேம்சர் ஜி8 கலிலியோ பாருங்கள், செருகுகிற வகையிலேயே ஹால் ஸ்டிக் இருக்கிறது.

பழைய தலை
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார்கள், ஒருவரும் விவரம் தருவதில்லை. எல்லா கேமிலும் ஓடுகிற கண்ட்ரோலர் என்று ஒன்று கிடையாது. ஹோம் ஸ்கிரீனில் நகர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் போன் அதை அடையாளம் கண்டுவிட்டது. பழுது என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? வாங்குவதற்கு முன் அடிப்படையைக் கொஞ்சம் படியுங்கள். கண்ட்ரோலர் அனுப்புகிற சிக்னலை வாங்கிக்கொள்வதும் வாங்காமல் விடுவதும் கேமின் கையில் இருக்கிறது.

இரவுப்பறவை
தலை, விஷயம் சரி. அதை ஆளை விரட்டாமலும் சொல்லலாம். புதிதாக வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

மழைத்துளி22
ஆண்ட்ராய்டு. டைப்-சி. பப்ஜி மொபைல், கால் ஆஃப் டியூட்டி மொபைல் இரண்டும் விளையாடுகிறேன். இரண்டிலும் இதே கதைதான். கேம் திறந்து லாபி (மேட்சுக்கு முன் வருகிற திரை) வந்ததும் அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை, மூடிவிட்டேன்.

தேன்சிட்டு
விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆர்டர் போட்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள்.

பப்ஜி மொபைல் கண்ட்ரோலரை ஏற்பதில்லை. எத்தனை உயர்ந்த கண்ட்ரோலர் வாங்கினாலும் அங்கே இதே நிலைதான்.

கால் ஆஃப் டியூட்டி மொபைல் அப்படியில்லை. 2019 நவம்பரிலிருந்தே கண்ட்ரோலரை ஏற்கிறது. ஆனால் லாபியில் வேலை செய்யாது. மெனு, துப்பாக்கி தேர்வு, மேட்ச் தொடங்குவது எல்லாம் விரலால்தான். மேட்ச் ஆரம்பித்து ஆள் தரையில் நின்ற பிறகுதான் ஸ்டிக்கும் பட்டனும் உயிர் பெறும். நீங்கள் லாபியோடு மூடிவிட்டதால் பழுது மாதிரித் தெரிந்திருக்கிறது. செட்டிங்ஸில் கண்ட்ரோலருக்குத் தனிப் பகுதி இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு ஒரு மேட்சுக்குள் போய்ப் பாருங்கள்.

அப்போதும் ஓடவில்லை என்றால் கண்ட்ரோலர் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். பல கண்ட்ரோலர்களில் எக்ஸ்பாக்ஸ் முறை, ஸ்விட்ச் முறை, தொடுதிரை முறை என்று பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் மாறும், எந்தப் பட்டன்கள் என்பது கூடவே வந்த தாளில் இருக்கும். எக்ஸ்பாக்ஸ் முறையை முதலில் முயலுங்கள்.

மின்னல்கொடி
கண்ட்ரோலர் நலமா என்று பார்க்க இன்னொரு வழி. போனின் பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் என்று தேடி ஒரு பக்கத்தைத் திறங்கள். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால்தான் அந்தப் பக்கத்துக்குக் கண்ட்ரோலர் இருப்பதே தெரியும். அப்புறம் ஒவ்வொரு பட்டனையும் அழுத்த அழுத்தத் திரையில் எரியும். ஸ்டிக்குக்கு -1 முதல் 1 வரை எண் ஓடும். விரலை எடுத்ததும் எண் 0-க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். 0.02, 0.03 என்று லேசாகத் துடித்தால் கவலையில்லை. 0.15, 0.2 என்று ஒரே பக்கமாக நின்றுவிட்டால் ஸ்டிக் தேய்ந்திருக்கிறது. ஆட்காட்டி விரலால் அழுத்துகிற ட்ரிகரையும் மெதுவாக அழுத்துங்கள். எண் படிப்படியாக ஏறினால் அனலாக் ட்ரிகர், 0-விலிருந்து ஒரே தாவலில் 1-க்குப் போனால் வெறும் சுவிட்ச். கார் ஓட்டுகிற கேமுக்கு அனலாக் இல்லாமல் சரிவராது, ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தவே முடியாது.

செம்பருத்தி
பப்ஜிக்கு வழி இல்லாமல் இல்லை. கீ மேப்பிங் ஆப் போட்டால் போதும். திரையில் எந்த இடத்துக்கு எந்தப் பட்டன் என்று குறித்து வைத்துவிட்டால், பட்டனை அழுத்தும்போது அந்த இடத்தில் விரல் பட்டதாகக் கேம் நினைத்துக்கொள்ளும்.

பழைய தலை
தெரியாத ஆளுக்குத் தவறான வழி காட்டாதீர்கள். எல்லோரும் விரலால் ஆடுகிற இடத்தில் கண்ட்ரோலரோடு நுழைவது ஏமாற்று. கணக்கு முடக்கப்பட்டால் வருடக்கணக்காகச் சேர்த்தது எல்லாம் போகும். அந்த ஆப்கள் கேட்கிற அனுமதியைப் படித்திருக்கிறீர்களா? மற்ற ஆப்களின் மேல் வரைய அனுமதி, திரையில் உங்கள் சார்பாகத் தொட அனுமதி. ஊர் பேர் தெரியாத ஆப்பிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான்.

செம்பருத்தி
தனியாக ஆடுகிற கேம்களில் என்ன ஏமாற்று? கண்ட்ரோலரை ஏற்காத எத்தனையோ ஆஃப்லைன் கேம்கள் இருக்கின்றன. அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

நீலவானம்
இந்தப் பேச்சில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்கு வலது கட்டைவிரல் முழுதாக மடங்காது. கண்ணாடி மேல் விரலை வைத்துத் தேய்ப்பது வலி. ஸ்டிக்கின் மேல் உள்ளங்கையை வைத்துத் தள்ளலாம், பின்பக்கப் பட்டன்களை மற்ற விரல்களால் அழுத்தலாம். அதனால்தான் இன்னும் விளையாடுகிறேன். ஏமாற்று என்ற சொல்லை மொத்தமாகப் போர்த்தும்போது என்னைப் போன்றவர்களும் அதற்குள் வந்துவிடுகிறோம்.

பழைய தலை
உங்களைச் சொல்லவில்லை. ஆனால் எதிரே நிற்கிறவருக்கு உங்கள் விரல் தெரியாது, உங்கள் குறி தப்பாதது மட்டும்தான் தெரியும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் போட்டி.

நீலவானம்
விதி ஒன்றாக இருக்கட்டும், கதவும் இருக்கட்டும். கால் ஆஃப் டியூட்டி மொபைலில் கண்ட்ரோலர் பிடித்தவர்களைக் கண்ட்ரோலர் பிடித்தவர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். யாருக்கும் குறையில்லை. மற்றக் கம்பெனிகளும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். அதுவரை கண்ட்ரோலரை ஏற்கிற கேமை மட்டும்தான் நான் போனில் ஏற்றுகிறேன்.

இரவுப்பறவை
இது தனி இழைக்கான விஷயம். கேட்டவர் காத்திருக்கிறார்.

பனித்துளி_கி
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஐபோன் 13. வீட்டில் பிஎஸ்5 கண்ட்ரோலர் சும்மா கிடக்கிறது. அது சேருமா, இல்லை தனியாக வாங்க வேண்டுமா?

தேன்சிட்டு
சேரும், வாங்க வேண்டாம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலர்கள் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 13-லேயே வந்துவிட்டன. பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் ஐஓஎஸ் 14.5-இல் வந்தது. கிரியேட் பட்டனையும் நடுவில் இருக்கிற பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள், டச்பேட் ஓரத்து விளக்கு வேகமாக மின்னும்போது புளூடூத் பட்டியலில் பெயர் தெரியும். போனை நிறுத்த ஒரு கிளிப் இருந்தால் போதும். செருகுகிற வகை வாங்குவதாக இருந்தால் லைட்னிங் முனை பார்க்க வேண்டும், ஐபோனில் டைப்-சி வந்தது 15-லிருந்துதான். அடுத்த போன் டைப்-சியாக இருக்கும் என்பதால் நான் லைட்னிங்கில் காசு போட மாட்டேன்.

ராஜாளி
கிளிப்பில் மாட்டினால் போனின் பாரம் முழுக்க மேலே நிற்கும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லிவிடும். இப்போதும் சொல்கிறேன், செருகுகிற வகைதான்.

தேன்சிட்டு
ராஜாளி, செருகுகிற வகையில் போன் மாறினால் தலைவலி. போர்ட் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருந்தாலோ, கேமரா மேடு பெரிதாக இருந்தாலோ சரியாக உட்காராது. தடித்த கவர் இருந்தால் முனை முழுதாக உள்ளே போகாது. டேப்லெட்டிலும் ஆட வேண்டும் என்றால் பெரும்பாலானவை அந்த அகலத்துக்கு விரியவே விரியாது. புளூடூத் கண்ட்ரோலர் ஒன்று வாங்கினால் போன், டேப்லெட், கம்ப்யூட்டர் மூன்றுக்கும் ஆகும். தனியாக ஆடுகிற கேமுக்கும் எமுலேட்டருக்கும் (பழைய கன்சோல் கேம்களை ஓட்டுகிற ஆப்) அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

ஒன்று மட்டும், பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலரைக் கைமாற்றி வாங்குகிறவர்கள் கவனியுங்கள். முதலில் வந்தவற்றில் புளூடூத் இல்லை. நடுவில் இருக்கிற எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றித் தனிப் பளபளப்புப் பட்டையாக இருந்தால் அது பழையது. முகப்பின் அதே பிளாஸ்டிக் பட்டனைச் சுற்றியும் தொடர்ந்தால் புளூடூத் இருக்கும்.

ராஜாளி
கவர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன், கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். மழைத்துளி, இன்னொன்றும் பாருங்கள். சில போன்களில் ஓடிஜி என்ற சுவிட்ச் செட்டிங்ஸில் தனியாக இருக்கும். அதை ஆன் செய்தால்தான் செருகியது வேலை செய்யும், 10 நிமிடம் சும்மா இருந்தால் தானாக ஆஃப் ஆகிவிடும். நடுவில் கண்ட்ரோலர் திடீரென்று செத்துப்போனால் முதலில் அங்கே பாருங்கள்.

மழைத்துளி22
மேட்சுக்குள் போனதும் ஓடுகிறது!! செட்டிங்ஸில் ஆஃப் ஆகி இருந்தது. டெஸ்டரில் இடது ஸ்டிக் விரலை எடுத்தாலும் 0.18-லேயே நிற்கிறது. ஆர்டர் இப்போது போடவில்லை. தேன்சிட்டு அக்கா, எல்லோருக்கும் நன்றி.

மின்னல்கொடி
0.18 என்றால் தேய ஆரம்பித்துவிட்டது. கேம் செட்டிங்ஸில் டெட் ஸோன் (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாமல் விடுகிற எல்லை) என்று இருந்தால் அதைக் கொஞ்சம் கூட்டுங்கள், கொஞ்ச நாள் ஓடும். மெதுவாக நடக்க நினைத்தால் நுணுக்கம் குறையும், அது தவிர்க்க முடியாது. வாங்கும்போது ஹால் எஃபெக்ட்.

ராஜாளி
செருகுகிற வகையில்.

செம்பருத்தி
மழைத்துளி, உங்கள் போன் மாடல் எது என்று கடைசி வரை சொல்லவில்லையே. ஓடிஜி சுவிட்ச் இருந்ததா? என்னுடையதிலும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது, அதனால்தான் கேட்கிறேன்.